பின்பக்கம் சாய்தளம் இருக்கிறது

வழிகாட்டி லெனோருக்கு வாய் நிறையச் சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆஷ்மூர் மாளிகை டென்னசியில் எங்கள் வீட்டிலிருந்து அரைமணி நேரம்தான். ஆனாலும் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. தம்பி ரூஃபஸ்தான் பிடிவாதம் பிடித்து என்னை இழுத்து வந்தான். ஆஃப்கானிஸ்தான் சண்டையில் ஒரு காலைப் பறிகொடுத்தவன். முன்வாசல் வழியாக ஒரே ஒருமுறை உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்டது.

காரணம், எங்கள் பாட்டனுக்குப் பாட்டன், இஸ்ரேல் என்று பெயர். இந்த வீட்டுப் பருத்திக்காட்டின் அடிமை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வீடு ராணுவ ஆஸ்பத்திரியானபோது, அடிபட்ட சிப்பாய்களைக் கதவுப் பலகையில் கிடத்தி முன்வாசல் வழியாகத் தூக்கிப் போனவர்களில் அவரும் ஒருவர். ராணுவம் கிளம்பிய பிறகு ஒருநாள், பழக்கதோஷத்தில் விறகுக்கட்டோடு அதே வாசலில் நுழைந்துவிட்டார். அடிமைக்குச் சமையற்கட்டு வாசல்தான் என்று முதுகுத் தோலை உரித்துவிட்டார்கள்.

லெனோர் முன்படிக்கட்டில் நின்று கும்பலுக்குக் கதை சொன்னாள். இதே படி வழியாகத் தூக்கிப் போன சிப்பாய்கள், ரத்தக்கறை படிந்த தரை, வெட்டிய கைகால்களை வீசிய ஜன்னல், பாவாடையைக் கிழித்துக் கட்டுப்போட்ட எஜமானியம்மா என்று உருகி உருகிச் சொன்னாள். தூக்கியவர்கள் யார் என்று கேட்டேன். வேலையாட்கள் என்றாள். வேலையாட்களாம்!

பிறகுதான் ரூஃபஸின் சக்கர நாற்காலியையும் தொப்பியிலிருந்த படைச் சின்னத்தையும் கவனித்தாள். நாட்டுக்குச் செய்த சேவைக்கு நன்றி என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னாள். அதே மூச்சில், "உங்களுக்குப் பின்பக்கம் சாய்தளம் இருக்கு சார். சமையக்கட்டு வழியா வந்துடலாம்" என்றாள்.

"முன்னாடி ஏன் இல்ல?" என்றேன்.

"பழைய படிக்கட்டு மேடம். ஒரு ஆணிகூட அடிக்கக்கூடாது."

"அத்தனை பேர இதே வழியாத் தூக்கிட்டுப் போனாங்கன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

காப்பீடு, விதிமுறை என்று ஏதோ இழுத்தாள். சிரிப்பு மட்டும் ஒட்டிக்கொண்டே இருந்தது. ஓங்கி ஒன்று விடலாமா என்று எனக்குக் கை துறுதுறுத்தது.

ரூஃபஸ் நாற்காலியிலிருந்து இறங்கி முதல் படியில் உட்கார்ந்தான். கைகளைப் பின்னால் ஊன்றி, உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக ஏறினான். சிவப்புச் சட்டைக்காரர் ஒருவர் கைகொடுக்க வந்தவர், அவன் பார்த்த பார்வையில் நின்றுவிட்டார். நான் கிட்டே போனேன்.

"எட்டி நில்லுக்கா."

இரட்டைக் கதவில் ஒன்றுதான் திறந்திருந்தது. மேலே போனதும் நிலையில் சாய்ந்து, இருக்கிற ஒற்றைக் காலைக் குறுக்கே நீட்டிக்கொண்டான். வாசல் அடைபட்டுப் போயிற்று.

லெனோர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். "சார், நகர்ந்தீங்கன்னா எல்லாரும் உள்ள போகலாம்."

"மூச்சு வாங்குதும்மா, நேரமாகும்" என்றான். "நீங்க அவங்களைப் பின்பக்கமா கூட்டிட்டுப் போங்க. சாய்தளம் இருக்கே."

சிவப்புச் சட்டைக்காரர்தான் முதலில் திரும்பினார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக வீட்டைச் சுற்றிக்கொண்டு சமையற்கட்டுப் பக்கம் நடந்தார்கள். கடைசியாக லெனோர். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

நான் படியேறிப் போனேன்.

"தாண்டிப் போக்கா."

ஆளைத் தாண்டினால் அவன் வளரமாட்டான் என்று சின்ன வயதில் அம்மா எங்களை அடித்திருக்கிறாள். தயங்கினேன்.

"இனிமே என் காலு வளரவா போகுது? தாண்டு."

தாண்டினேன். உள்ளே நின்று, அவன் அக்குளில் கைகொடுத்து, இஸ்ரேல் நுழைந்த வாசலுக்குள் என் தம்பியை இழுத்துக்கொண்டேன்.