சலூன் அண்ணன் சுத்தம் செய்த மூலை

அக்கா தாவரவியலில் முதுகலை முடித்துவிட்டு இரண்டு வருடமாகச் செல்போன் கடையில் ஸ்கிரீன் கார்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். குமிழி விழாமல் ஒட்டுவதில் அவளை மிஞ்ச அந்தக் கடைத்தெருவில் ஆள் கிடையாது. ஆனால் மனசு மட்டும் எங்கள் தெருமுனைப் பூங்காவில் இருந்தது. அங்கே தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால், யாரும் நடாமல் தானாக முளைத்த ஒரு மூலை உண்டு. வசந்தம் வந்தால் அதில் முப்பத்தோரு வகைப் பூ. எண்ணியவள் அக்கா. எனக்கு எல்லாமே புல்.

ஆறு மாதம் மனு மேல் மனு போட்டுப் பூங்கா மேலாளர் மேடத்தை ஒருவழியாக மசியவைத்தாள். ஞாயிறு காலை, 'காட்டுப்பூ நடை'. மேடமும் கூட நடப்பார். பிடித்திருந்தால் வாராவாரம் நடை, அக்காவுக்குப் பூங்காவிலேயே வேலை. பிடிக்காவிட்டால் ஸ்கிரீன் கார்டு.

எனக்கு ஒதுக்கப்பட்ட பொறுப்பு ஒன்றுதான்: வாயை மூடிக்கொண்டிருப்பது. சனிக்கிழமை மதியம் அதைக் கோட்டைவிட்டேன்.

பூங்காத் தோட்டக்காரருக்குத் தெருவே வைத்த பெயர் சலூன் அண்ணன். புதருக்குக் கிருதா எடுத்துவிடுவார். அவருடைய புல்தரையில் உட்காரவே கூச்சமாக இருக்கும், இஸ்திரி போட்ட சட்டைமேல் உட்கார்வதைப் போல. குழாயடி மூலையை அவர் விட்டுவைத்ததற்குக் காரணம் இயற்கைமேல் உள்ள காதல் அல்ல, முழங்கால் வலி.

"என்ன தம்பி, நாளைக்கு மேடம் வர்றாங்களாமே?" என்றார்.

"மேடம் மட்டுமாண்ணே? பதினஞ்சு பேர் வர்றாங்க. உங்க குழாயடி மூலையைப் பார்க்க."

"அந்த மூலையவா?" அவர் முகம் வெளுத்தது. "என் மானம் என்னத்துக்குடா ஆவுறது!"

தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை குழாயடி மூலை மொட்டைத்தலை மாதிரி பளபளத்தது. மண்ணைக் கிளறி, வாரி, தண்ணீர் தெளித்து, சுற்றிலும் செங்கலுக்கு வெள்ளையடித்து வைத்திருந்தார். பூ என்று சொல்ல அவர் சட்டையில் இருந்த டிசைன்தான் மிச்சம்.

"நேத்து இருட்டுறதுக்குள்ள முடிச்சிட்டேன் பாப்பா," என்றார் அக்காவிடம், முழங்காலைத் தடவியபடி. "பெரிய மனுஷங்க வர்ற இடத்துல களை கிடக்கலாமா?"

அக்கா அவரைத் திட்டவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"வாயைத் திறந்தியா?"

"லேசா."

அதற்குள் மேடம் தொப்பியோடு வந்துவிட்டார். பின்னாலேயே பதினைந்து பேர். அதில் ஒரு பல் டாக்டர் பூதக்கண்ணாடியே கொண்டுவந்திருந்தார். வெறும் மண்ணை அதில் உற்றுப் பார்த்து, "நல்ல மண்," என்றார்.

"பூவெல்லாம் எங்கம்மா?" என்றார் மேடம்.

அக்கா பூங்காக் கதவு வழியாகத் தெருவைப் பார்த்தாள். எதிர்ச் சுவரின் விரிசலில் ஒரு தும்பை, வெள்ளையாகப் பல் காட்டிக்கொண்டிருந்தது.

"நடைன்னுதானே மேடம் போட்டிருக்கோம்? நடப்போம்," என்று வெளியே போனாள்.

விருந்தாளிகளைத் தனியாக விடலாமா என்று சலூன் அண்ணனும் கூடவே வந்தார். தும்பையைக் கண்டதும் பிடுங்குவதற்கு அவர் விரல்கள் தானாக மடங்கின. நான் பாய்ந்து அவருடைய ஒரு கையில் குடையையும் மறு கையில் அக்கா நடைக்காகக் கொண்டுவந்திருந்த ஸ்பீக்கர் மைக்கையும் திணித்தேன். கை கட்டுப்பட்டது. மைக் ஆன் ஆகியிருந்ததை நான் கவனிக்கவில்லை.

பஸ் நிறுத்தத்தின் பெஞ்சுக்குக் கீழே, "இது தொட்டாற்சிணுங்கி," என்றாள் அக்கா.

"வெக்கப்படுதுன்னு நம்பாதீங்க!" தெரு முழுக்க ஒலித்தது சலூன் அண்ணன் குரல். "அத்தனையும் நடிப்பு. நாம அந்தப் பக்கம் போனதும் எழுந்துக்கும். பதினெட்டு வருஷமா பார்க்கிறேன்!"

கூட்டம் சிரித்தது. மேடம் சிரிக்காமல் இருக்கத் தொப்பியைச் சரிசெய்தார். அதன்பிறகு அக்கா பேர் சொல்ல, சலூன் அண்ணன் குற்றப்பத்திரிகை வாசிக்க, ஊர்வலம் அமோகமாக நகர்ந்தது. மின்கம்பத்தடியில் மூக்குத்திப்பூ ("இவன் வாடகையே தராம குடியிருப்பான்"). மூடிக்கிடந்த தையல்கடைப் படியில் புளியாரை, மஞ்சள் மஞ்சளாக.

"இது மட்டும் என் ஜென்ம விரோதி," என்றது மைக். "நூறு தடவை புடுங்கியிருப்பேன். நூத்தியொண்ணாவது தடவையும் வரும்."

"டாக்டர், அந்தக் காயை மெதுவா தொடுங்க," என்றாள் அக்கா.

பல் டாக்டர் தொட்டார். காய் வெடித்து விதைகள் அவர் மூக்குக் கண்ணாடியில் படபடவென்று தெறித்தன. மனிதர் சின்னப் பிள்ளையைப் போலக் கத்தினார். பதினைந்து பேரும் படியில் குந்தி ஆளுக்கொரு காயைத் தொட ஆரம்பித்தார்கள்.

சலூன் அண்ணன் மட்டும் மைக்கைத் தாழ்த்தினார்.

"அப்போ... நான் ஒவ்வொரு தடவை புடுங்கும்போதும்?"

"தெறிச்சிருக்கும்ணே," என்றாள் அக்கா. "பாதி பூங்காவுக்கு நீங்கதான் இத்தனை வருஷமா விதைச்சது."

"நேத்து அந்த மூலை பூரா புடுங்கினேனே! மண்ணைக் கிளறி தண்ணி வேற விட்டேனே!"

"பிரமாதமா செஞ்சிருக்கீங்க. இன்னும் கொஞ்ச நாள்ல எல்லாம் திரும்பி வந்துரும்."

மேடம் தன் தொப்பியில் ஒட்டியிருந்த விதையைத் தட்டிவிட்டார். "அதுவரைக்கும் தெருவிலேயே நடத்தும்மா," என்றார். "திங்கட்கிழமை வந்து வேலையில சேரு. மைக் மட்டும் இவர்கிட்டயே இருக்கட்டும்."

அன்று சாயங்காலம் அக்கா கடையில் கடைசியாக ஒட்டியது சலூன் அண்ணனின் செல்போனுக்கு. சந்தோஷத்தில் அவளுக்குக் கை நிலைகொள்ளவில்லை. சரித்திரத்திலேயே முதல்முறையாக, ஓரத்தில் ஒரு குமிழி விழுந்துவிட்டது. அவர் உடனே நகத்தால் அதைத் தள்ள ஆரம்பித்தார்.

"விடுங்கண்ணே," என்றாள் அக்கா. "அது தானா வந்தது."

அவர் யோசித்தார். பிறகு, பெரிய மனசு பண்ணி, போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். படியிறங்கும்போது பையிலிருந்து எடுத்து மறுபடி ஒரு தள்ளு தள்ளியதை நான் பார்த்தேன். இந்த முறை வாயைத் திறக்கவில்லை.