புகை போகும் வழி

இரண்டாவது கட்டையும் பாழானதும் சிற்பி டிரில் மிஷினை அணைத்துவிட்டுத் தொப்பென்று உட்கார்ந்தான். 'சிற்பி' என்பது வாடிக்கையாளர்கள் செல்லமாக வைத்த பெயர். மரத்தில் புகையிலை பைப் செய்யும் அந்தப் பட்டறையை அவனும் அக்கா புருஷனும் பதினோரு வருடமாக நடத்துகிறார்கள். வாங்க வருகிறவர்கள் பைப்பின் வளைவைத் தடவிப் பார்ப்பார்கள், மர ரேகையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி ரசிப்பார்கள், செதுக்கியவனைப் புகழ்வார்கள். உள்ளே துளை போடுவது மாமாவின் வேலை. ஓட்டையை யார் புகழ்வார்கள்? "காத்துக்கு வீடு கட்டுறீங்க மாமா" என்று இவனே எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறான். அவரும் சிரித்துக்கொண்டே மரத்தூளை ஊதிவிடுவார்.

போன வாரம் மாமா மாடிப்படியில் வழுக்கி வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கப்பல் இன்ஜினீயர் ஒருவர் ஏதோ துறைமுகத்திலிருந்து தானே சுமந்துவந்து கொடுத்த மூன்று வேர்க்கட்டைகள் அப்போது மேசையில் இருந்தன. "ஒண்ணு தேறினாப் போதும், வியாழக்கிழமை கப்பல் ஏறணும்" என்று சொல்லிப் போயிருந்தார். "ஓட்டைதானே, நான் போட்டுக்கறேன்" என்று சிற்பி அக்காவிடம் மார்தட்டினான்.

முதல் கட்டையில் டிரில் பிட் ஒரு மரக்கணுவில் பட்டு விலகி, பக்கவாட்டில் எட்டிப் பார்த்தது. இரண்டாவதில், குழியிலிருந்து வாய்க்குப் புகை வரும் புகைவழி நேராகத்தான் போனது. ஆனால் புகையிலைக் குழியை ஆழமாகத் தோண்டிவிட்டான். வழி அடியைத் தொடாமல் அரை நகம் மேலே தொங்கியது. அந்தப் பள்ளத்தில் ஈரம் தேங்கி, இழுக்கும்போதெல்லாம் களகளவென்று சத்தம் வரும். யாரும் வாயில் வைக்க மாட்டார்கள்.

வெட்கத்தை விட்டு அக்காவுக்குப் போன் போட்டான். "அக்கா, மாமாவைக் கொஞ்சம்..."

"கெளம்பி அரை மணி நேரம் ஆச்சுடா. ரெண்டு நாளா உன் சத்தமே இல்லன்னதும் அவருக்குப் புரிஞ்சுபோச்சு."

மாமா மாவுக்கட்டுக் கையைக் கழுத்துத் தூளியில் தொங்கவிட்டபடி வந்தார். பாழான இரண்டையும் எடுத்துப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தான்.

"ரேகை எவ்ளோ அழகுன்னு பாத்திருக்க. அது பிட்ட எந்தப் பக்கம் தள்ளும்னு பாக்கல" என்றார், அவ்வளவுதான். பிறகு, "இன்னைக்கு நீதான் என் வலது கை. வலது கை வாயாடக் கூடாது."

இடது கையால் கட்டையின் இருபுறமும் பென்சில் கோடு போட்டார். கோணியது. அழித்தார். நான்காவது தடவைதான் தலையாட்டினார். முதலில் குட்டையான பிட்டால் ஒரு விரற்கடை மட்டும் வழி திறக்கச் சொன்னார். அதன் பிறகே நீளமானது. நக ஆழத்துக்கு ஒருதரம் வெளியே இழுத்து, தூளைத் தட்டி, சூடு ஆறவிட்டு, மறுபடி உள்ளே. சிற்பிக்குப் பொறுமை போனது. மாமாவுக்குப் போகவில்லை.

குழியைத் தோண்டும் நேரம் வந்தது. கட்டையை வைஸ் பிடியில் நிமிர்த்தி இறுக்கியதும், மாமா இடது சுண்டுவிரல் நுனியைப் புகைவழியின் வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். சிற்பி டிரில்லின் கைப்பிடியை இறக்கினான். சுருள் சுருளாக மரம் ஏறி வந்தது.

"மெதுவா... இன்னும் மெதுவா... நிறுத்து!"

"என்ன மாமா?"

"மூச்சு விட்டுடுச்சு."

குழியின் அடி புகைவழியில் திறந்த அந்தக் கணம், சூடான ஒரு துளிக் காற்று விரலைத் தொட்டிருக்கிறது. "இன்னும் ஒரு முடி அளவு. போதும்." மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்தான். அது குழியின் அடியைத் தடவிக்கொண்டு, நட்ட நடுவில் வெளியே வந்தது.

பதினோரு வருடம். ஒவ்வொரு பைப்புக்கும் அந்த விரல் அங்கே இருந்திருக்கிறது. இவன் மறுபக்க மேசையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, தன் வளைவுகளையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"இது எனக்குத் தெரியவே தெரியாது மாமா."

"நீ கேக்கல. சரி, இனி உன் வேலை. செதுக்கு."

கை வலியில் மாமா நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டார். சிற்பி உளியை எடுத்தான், கீழே வைத்தான். இன்னும் உருவமே வராத, நான்கு மூலையும் துருத்திய அந்தக் கட்டையைத் தூக்கிப் புகைவழியில் உதடு பதித்து மெல்ல இழுத்தான். ஒரு சின்னச் சத்தமும் இல்லாமல், மரத்தூள் வாசத்தோடு காற்று வந்தது. மறுபடியும் இழுத்தான்.