முடியலைக்கு ஒரு பெயர்ச்சொல்

செருப்புக் கடையில் வரிசையாக நாற்காலிகள் உண்டு. எல்லாம் வாங்க வருகிறவர்களுக்கு. விற்கிறவள் நிற்கணும், குனியணும், மண்டி போடணும். பல வருஷமாக ஊரார் கால்களுக்கு அளவு பார்த்தவளுக்குச் சொந்தக் கால் மக்கர் பண்ண ஆரம்பித்துவிட்டது. ஒரு ஸ்டூல் கொடுத்தால் போதும், வேலையை விடாமல் காலத்தை ஓட்டிவிடுவாள். மேனேஜரைக் கேட்டதற்கு, தலைமை அலுவலகத்துக்கு இங்கிலீஷில் எழுதிக் கொடுக்கச் சொன்னார்.

இங்கிலீஷ் என்றால் வீட்டுக்காரர்தான். அடுத்தவர் இங்கிலீஷில் பிழை கண்டுபிடித்தால்தான் அவருக்குச் சாப்பாடு செரிக்கும். வீட்டில் இருப்பதே இரண்டு நாற்காலி. ஒன்றில் அவர் இருப்பார், இன்னொன்றில் அவருடைய தடி அகராதி இருக்கும்.

"என்னால நிக்க முடியலைன்னு எழுதுங்க," என்றாள் கதவில் சாய்ந்தபடி.

"அப்படியே எழுதிட முடியுமா? முடியலைன்னா 'அனேபிள்'. அது அட்ஜெக்டிவ். தலைப்புல நவுன் வரணும்." பக்கம் பக்கமாகப் புரட்டினார். "'அனெபிலிட்டி'ன்னு எழுதினா சிரிப்பாங்க. 'டிஸெபிலிட்டி'ன்னா ஊனம், அது உனக்கு இல்ல. 'இனெபிலிட்டி', இயலாமை. அதான் சரி."

"ஏதோ ஒண்ணு எழுதுங்க." அவளுக்குக் கால் கடுத்தது.

பதில் வந்ததும் மேனேஜர் கூப்பிட்டார்.

"டிஸெபிலிட்டின்னு போட்டிருந்தா ஸ்டூல் குடுக்க ரூல் இருக்காம். நீங்க இனெபிலிட்டின்னு எழுதிட்டீங்க. வேலை தெரியலைன்னு எடுத்துக்கிட்டாங்க. பயிற்சிக்குப் போகணுமாம்."

"என்ன பயிற்சி சார்?"

அவர் தலையைச் சொறிந்தார். "கஸ்டமர் முன்னாடி எப்படி நிக்கணும்னு."

அவளுக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. அதற்கெல்லாம் உடம்பில் தெம்பு வேண்டுமே.

வீட்டுக்கு வந்து, அதே கதவில் சாய்ந்து சொன்னாள். வீட்டுக்காரர் அசரவில்லை.

"நான் எழுதினது சரியான வார்த்தை. அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியலைன்னா நான் என்ன பண்றது?"

அவள் அகராதியை இரண்டு கையாலும் தூக்கித் தரையில் வைத்தாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அப்பாடா என்றிருந்தது. இத்தனை வருஷம் இது ஏன் தோன்றவில்லை என்று தன்மேலேயே எரிச்சலாகவும் இருந்தது.

அவர் தரையில் கிடந்த அகராதியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "டீ போடலையா?" என்றார்.

கண்ணைத் திறக்காமலே அவள் சொன்னாள்.

"இனெபிலிட்டி."

திருத்துவதற்கு அதில் அவருக்கு ஒன்றுமே இல்லை. எழுந்து அடுப்படிக்குப் போனார்.