திண்டுவின் ஒரே படம்

வீட்டின் முன்பக்கத்திலேயே இருக்கும் எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்து படம் எடுத்துக்கொள்ளாத ஜீவன் இந்த வட்டாரத்திலேயே இல்லை. பாஸ்போர்ட்டுக்கு வருகிறவர், வேலைக்கு மனு போடுகிறவர், பல் முளைத்த குழந்தை, பல் விழுந்த பெரியவர் என்று எல்லார் முகமும் என் கணவரின் கேமராவுக்குள் போய் என் கம்ப்யூட்டரில் வந்து விழும். அவர் எடுப்பார். நான் பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம் எல்லாவற்றையும் துடைத்து அனுப்புவேன். ஊரையே அழகாக்குகிற இந்த வீட்டில் எங்கள் நாய்க்கு மட்டும் ஒரு படம் கிடையாது.

அதன் பெயர் திண்டு. பழுப்பு நிறம், வால் நுனி மட்டும் சுண்ணாம்பில் தோய்த்த மாதிரி வெள்ளை. வயிறு நிறைந்ததும் சோபாவில் திண்டு போலக் கிடப்பதால் என் மகள் வைத்த பெயர். குட்டியாக இருந்தபோது பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் புகுந்து வந்து, நேராக வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலில் ஏறி ராஜா மாதிரி உட்கார்ந்தது. வினை அங்கேதான் ஆரம்பித்தது. காலையில் கடை திறந்ததும், ஆள் வருவதற்கு முன், வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்க்க ஸ்டூலில் யாரையாவது உட்கார வைக்க வேண்டும். அதுவரை அந்த வேலை என்னுடையது. "சம்பளம் கேக்காத ஆளு கிடைச்சாச்சு" என்று என் கணவர் குட்டியை உட்கார வைத்து, குடை மாட்டிய ஃபிளாஷ் விளக்கை டப் டப் என்று அடித்துப் பார்த்தார். நானும் சம்பளம் கேட்டதில்லை என்பது வேறு விஷயம். அந்தச் சோதனைப் படங்களை அவர் அன்றன்றே அழித்துவிடுவார். கொஞ்ச நாள் திண்டு பொறுத்தது. அப்புறம் கேமராப் பையின் ஜிப் சத்தம் கேட்டாலே பீரோவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

ஊசி போடப் போனபோது கால்நடை டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"வெளிச்சம் மட்டும் இல்லம்மா. நாய்ங்களுக்கு யாராச்சும் உத்துப் பாத்தாலே பிடிக்காது, சண்டைக்குக் கூப்பிடுற மாதிரி. உங்க வீட்டுக்காரர் என்ன பண்றாரு? அதுக்குத் தெரிஞ்ச முகத்தை மறைச்சுக்கிட்டு, கருப்பா ஒத்தைக் கண்ணை வெச்சு இமைக்காம முறைக்கிறாரு. நீங்களா இருந்தா உக்காந்திருப்பீங்களா?"

"கல்யாணம் ஆனதிலேர்ந்து உக்காந்திருக்கேன் டாக்டர்" என்றேன்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் கணவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வீறிட்டு அழுகிற குழந்தையையே சிரிக்க வைத்தவர் ஒரு நாயிடம் தோற்பதா? "அடி மேல அடி அடிச்சா அம்மியும் நகரும்" என்றார். "அம்மி நகரும்ங்க. நாய் ஓடிப் போயிரும்" என்றேன். கேட்டால்தானே! எடுத்த படத்தில் எல்லாம் திண்டு ஒரு பழுப்புக் கோடாகத்தான் இருக்கும். கலங்கின படத்தை வைத்திருப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். எடுத்த கையோடு அழித்துவிடுவார். மகளின் பழைய போனில் இருந்த ஒன்றிரண்டைக்கூட, "இதெல்லாம் ஒரு படமா?" என்று அவரே அழித்தார்.

போன மாதம் தூரத்தில் இருந்து எடுக்கிற நீள லென்ஸ் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கி வந்தார். திண்டு கடை வாசற்படியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. எதிர் வரிசைக் கடை ஓரமாகப் பதுங்கி நின்று கேமராவைத் தூக்கியிருக்கிறார். திண்டு கண்ணைத் திறந்தது. தண்ணீர்க் குழாய் அளவுக்கு ஒரு கண் தன்னையே பார்ப்பதைக் கண்டது. பாய்ந்தது. நடுரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்ததில் இன்னும் மிரண்டு, இவர் கத்திக்கொண்டு பின்னால் ஓட ஓட, சந்து திரும்பி மறைந்துவிட்டது.

மகள் பள்ளிக்கூடத்தில் இருந்து வந்தாள். விஷயம் தெரிந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் தெருத் தெருவாக அலைந்தாள். அழுகையை எல்லாம் அடக்கி வைத்திருந்தவள், திரும்பி வந்து அப்பாவைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நோட்டீஸ் ஒட்டணும். திண்டு போட்டோ குடுங்க."

அவர் கேமராவைத் திறந்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து, கீழே வைத்தார்.

"ஒண்ணுகூட இல்லையா? போட்டோக் கடை வெச்சிருக்கீங்க, ஒண்ணுகூட இல்லையா?"

அதோடு அப்பாவிடம் பேச்சை நிறுத்திக்கொண்டாள். சாப்பாட்டுத் தட்டைத் தனியே எடுத்துப் போனாள். அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் சொன்னாள். அவருக்கும் சோறு இறங்கவில்லை. எனக்குக் கோபமான கோபம், ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து மேற்கொண்டு திட்ட மனசு வரவில்லை. வீட்டில் நாய் மட்டுமா காணாமல் போயிருந்தது!

மறுநாள் கடையில் உட்கார்ந்து என் வேலையைப் பற்றி யோசித்தேன். படத்தில் இருக்கக்கூடாததை அழிப்பதுதானே என் வேலை? குடும்பப் படம் எடுக்க அவர் கேமராவைத் தூக்கும்போதெல்லாம் திண்டு பின்திரைக்குள் புகுந்து ஓடும். ஓரத்தில் தெரிகிற வாலை நான்தான் எத்தனையோ தடவை திட்டிக்கொண்டே துடைத்திருக்கிறேன். துடைத்த படம் வாடிக்கையாளருக்குப் போயிருக்கும். துடைக்காத மூலப் படம் கம்ப்யூட்டரிலேயே இருக்குமே!

தேடினேன். யார் யாரோ பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். கடைசியில் அகப்பட்டது. பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாவின் காலுக்குப் பக்கத்தில், திரைக்கு அடியில் போய்க்கொண்டிருக்கும் பழுப்பு நிறப் பின்பக்கம். ஒரு கால் தூக்கியபடி, வால் நுனியில் வெள்ளை. தலை இல்லை. கலங்கின படம்தான். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அழிக்கிறவள் கையிலிருந்து அது தப்பியிருந்தது.

கணவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "ஃபோகஸே இல்லை" என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். ஆனால் கல்யாண ஆல்பத்துக்கு வைத்திருந்த நல்ல காகிதத்தை எடுத்து அவரே அச்சடித்தார். வாசகம் மகள் எழுதியது: "பெயர் திண்டு. கேமரா, போன் எதைத் தூக்கினாலும் ஓடிவிடும். தயவுசெய்து படம் எடுக்க வேண்டாம். எங்களைக் கூப்பிடுங்கள்."

தெருவே சிரித்தது. "ஏங்க, முன்பக்கம் தனியா ஒட்டுவீங்களா?" என்று மருந்துக் கடைக்காரர் கேட்டார். கணவர் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த கம்பத்துக்குப் பசை தடவினார்.

படம் எடுக்காதே என்றால் யார் கேட்கிறார்கள்? போனுக்கு நாய்ப் படங்களாக வந்து குவிந்தன. எல்லாம் பழுப்பு நாய்கள். எல்லாம் காதைத் தூக்கி, நாக்கைத் தொங்கவிட்டு, லென்ஸை நேராகப் பார்த்தன. ஒவ்வொரு தடவை போன் சத்தம் போடும்போதும் ஓடி வருவாள் மகள். பார்ப்பாள், திருப்பிக் கொடுப்பாள்.

"நம்ம திண்டு இல்லம்மா. போஸ் குடுக்குது."

நம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்தபோதுதான் அந்தப் பெண் கூப்பிட்டார். பஸ் டிப்போவுக்குப் பின்னால் சோபா பழுது பார்க்கிற பட்டறை வைத்திருப்பவர்.

"உங்க நாய்தானான்னு தெரியலைங்க. ஒரு வாரமா இங்கதான் கிடக்குது, பஞ்சு மூட்டை மேலயே தூக்கம். நேத்துதான் நோட்டீஸைப் பாத்தேன். நெசமாவே ஓடுதான்னு போனைத் தூக்கிப் பாத்தேன், மன்னிச்சுக்கங்க. சோபாவுக்கு அடியில போயிருச்சு. இப்ப வர மாட்டேங்குது. விழுந்ததை அனுப்பியிருக்கேன், பாருங்க."

பார்த்தோம். கலங்கின படம். சோபாவுக்கு அடியில் போய்க்கொண்டிருக்கும் பழுப்பு நிறப் பின்பக்கம், தூக்கிய கால், வால் நுனியில் வெள்ளை. மகள் எங்கள் நோட்டீஸை அதன் பக்கத்தில் வைத்தாள். ஒரே ஆள் எடுத்த இரண்டு படம் மாதிரி இருந்தது.

"திண்டுதாம்மா!" என்று அவள் கத்தியதில், ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர் எழுந்தே விட்டார்.

கணவர் கேமராவைப் பீரோவில் வைத்தார். போனையும் அதிலேயே போட்டுப் பூட்டினார். பட்டறை வரைக்கும் மூவரும் கிட்டத்தட்ட ஓடினோம்.

கிழிந்த சோபாக்கள், ஸ்பிரிங், ஆணி, பசை வாடை. மூலையில் இருந்த பெரிய சோபாவுக்கு அடியில் இரண்டு கண்கள் மின்னின. மகள் கூப்பிட்டாள். நான் கூப்பிட்டேன். மிரண்டது மிரண்டதுதான், அசையவில்லை. கணவர் மெதுவாக நடந்துபோய், சோபாவுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தார். டாக்டரம்மா சொன்னது அவர் காதில் விழாமல் இல்லை, இத்தனை நாள் மண்டையில்தான் ஏறாமல் இருந்திருக்கிறது. உள்ளங்கையைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரையே பார்த்தபடி இருந்தார். பார்ப்பதே பிழைப்பாக இருக்கிற மனிதர். அவர் எதையும் பார்க்காமல் உட்கார்ந்திருப்பதை அன்றுதான் கண்டேன்.

முதலில் மூக்கு வந்தது. அப்புறம் ஒரு கால்.

அவர் கழுத்து லேசாகத் திரும்பப் பார்த்தது.

"அப்பா, திரும்பாதீங்க" என்றாள் மகள், ரகசியக் குரலில். "வர்றான்."

அவர் திரும்பவில்லை. ஆனால் மகள் பேசியது காதில் விழுந்ததும் அவர் தோள் குலுங்கியது. திண்டு அந்தக் கையை மோந்து பார்த்தது. நக்கியது. பிறகு சுற்றி வந்து அவர் முகத்தைப் பார்த்தது. மறைப்பு எதுவும் இல்லாத, அழுது வழிகிற முகம். அதற்குத் தெரிந்த முகம். மடியில் ஏறித் திண்டு மாதிரி விழுந்தது. மகள் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள், நான் எல்லாரையும்.

பட்டறைக்கார அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாக்கவே எவ்வளவு நல்லா இருக்கு! அப்படியே இருங்க, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

"வேண்டாம்!" என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். என் கணவரின் குரல்தான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது.