சாமிதுரை தஞ்சாவூர் போன மழைநாள்

சாமிதுரை செத்து இரண்டு மாதம் கழித்து, ஐப்பசி அடைமழையில், மனைவி அமிர்தத்தைக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர் போனார். கண்டக்டர் இரண்டு டிக்கெட் கிழித்தார். ஆலங்கோட்டகத்தில் இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. அந்த வருஷம் யூரியா மூட்டைக்கு நாய் படாத பாடு பட்டதைத்தான் இன்றைக்கும் வாய் ஓயாமல் சொல்வார்கள்.

அவர் செத்த கதை ஊரறிந்தது. கழக ஆட்சி வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. குத்தகைக்காரன் பெயரைச் சர்க்காரில் பதிய வேண்டும் என்று சட்டம் வந்து, ஒலிபெருக்கி கட்டிய ஜீப் தெருத்தெருவாகச் சொல்லிப் போயிற்று. பதிந்துவிட்டால் ஆளைக் கிளப்ப முடியாது. ஆகவே பதிவதற்கு முன்பே கிளப்பிவிட மிராசுதார் நினைத்தார். சாமிதுரை தகப்பன் காலத்திலிருந்து உழுதுவந்த ஒன்பது மா நிலத்தில், ஆவணி மாதம் ஒரு காலையில், மிராசுதாரின் காரியக்காரர் வெளியூர் ஆட்களை இறக்கி ஏர் பூட்டினார். சாமிதுரை குறுக்கே போய் நின்றார். மண்வெட்டிக் காம்பால் பின்மண்டையில் ஓர் அடி. அடித்தது யாரென்று போலீசுக்குத் தெரியவில்லை, மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சுடுகாட்டுப் பாதை மிராசுதார் வயல் வழியாகப் போகிறது. பாடை அந்தப் பக்கம் வரக் கூடாது என்று பாதையை வெட்டி வாய்க்காலைத் திறந்துவிட்டு, முள்ளையும் அள்ளிப் போட்டார்கள். வேறு போக்கில்லாமல் அந்த ஒன்பது மாவிலேயே, வரப்போரமாகக் குழி வெட்டி அவரைப் புதைத்தார்கள். மிராசுதார் தன் ஆயுசில் செய்த பெரிய முட்டாள்தனம் அந்த முள்ளைப் போட்டதுதான் என்று பிற்பாடு ஊரில் பேசிக்கொண்டார்கள்.

குத்தகைப் பதிவு விசாரணை ஐப்பசியில் தஞ்சாவூரில் வந்தது. குத்தகை செத்தவனோடு போயிற்று, பெண்டாட்டி கூலிக்கு நாற்று நட்டவள், அவளுக்கு ஒரு பாத்தியதையும் கிடையாது என்று காரியக்காரர் மனுக் கொடுத்திருந்தார். நிலம் போனால் அமிர்தத்துக்குக் கஞ்சிக்கு வழியில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். புருஷன் படுத்திருக்கும் மண்ணில் மிராசுதாருடைய ஏர் இறங்குவதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. விசாரணை அன்றைக்கு விடியலில் கதவைத் திறந்தால், கொட்டுகிற மழையில் சாமிதுரை நின்றிருந்தார். முழுக்கக் கறுப்புக் களிமண். மூக்கு அதே மூக்கு, இடது காதில் மாடு முட்டிய வடுகூட அப்படியே இருந்தது. தோளில் இரண்டு மூன்று நெற்பயிர் பச்சையாக முளைத்திருந்தது. அமிர்தம் பயப்படவில்லை. இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று சண்டை பிடிக்கத்தான் அவளுக்கு வாய் வந்தது.

"காயாம பாத்துக்க, அமிர்தம்," என்றார் அவர். "ஈரம் இருக்குற மட்டும்தான் நான் ஆளு. காஞ்சா வெறும் மண்ணு."

பஸ்ஸில் அவரை ஜன்னலோரம் உட்காரவைத்து, தார்ப்பாயைச் சுருட்டிவிட்டாள். சாரல் அடிக்கிறதென்று பின்சீட்டுக்காரர்கள் திட்டினார்கள், அவள் காதில் வாங்கவில்லை. கல்யாணமான புதிதில் தஞ்சாவூர்க் கோட்டையும் பெரிய கோயிலும் காட்டுகிறேன் என்று சொன்ன மனுஷர். நடவு முடியட்டும், அறுப்பு முடியட்டும் என்று சொல்லிச் சொல்லியே மகளைக் கட்டிக்கொடுக்கிற காலம் வந்துவிட்டது, கோட்டை மட்டும் வரவில்லை. இப்போது அகழி நிறைந்து தளும்ப, மதிலில் தண்ணீர் வழிய, இருவரும் குடையில்லாமல் நடந்தார்கள். சாமிதுரை நின்று மதிலை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை பெரிய வரப்பைக் கட்டினார்களே, உள்ளே அப்படி என்னதான் விளைந்தது என்று கேட்டார். ஆவணிக்குப் பிறகு அமிர்தம் சிரித்தது அப்போதுதான்.

விசாரணை ஆபீஸ் கோட்டைக்குள் ஓர் ஓட்டுக் கட்டடத்தில் இருந்தது. பெயர் கூப்பிட உச்சிப்பொழுது தாண்டிவிட்டது. தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த சாமிதுரையின் முழங்கையில் வெடிப்பு விட ஆரம்பித்தது. இறவாணத்தில் ஒழுகுகிற தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி ஏந்தி அமிர்தம் அவர்மேல் தெளித்துக்கொண்டே இருந்தாள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் கூப்பிட்டார்கள். காரியக்காரர் முகம் வெளிறிப்போய், இந்த ஆள் செத்தவன் என்று அதிகாரியிடம் சொன்னார். எப்போது செத்தான், எப்படிச் செத்தான் என்று அதிகாரி கேட்டார். காரியக்காரர் கையிலிருந்த காகிதத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். எப்படியென்று சொன்னால் அடித்தது யாரென்றும் சொல்ல வேண்டி வரும். அதிகாரி சாமிதுரை பக்கம் திரும்பி, நிலத்தைச் சாகுபடி செய்வது யார் என்று கேட்டார்.

"இவதாங்கய்யா," என்றார் சாமிதுரை. "நாத்து விட்டது, நட்டது, களை பறிச்சது, அறுத்தது, எல்லாம் இவ. பேரு மட்டும் எம் பேர்ல இருந்துச்சு. எனக்கு இனிமே அது வேணாம். இவ பேர எழுதிக்குங்க."

மேஜையில் சொட்டிய சேற்றை அதிகாரி கைக்குட்டையால் துடைத்துவிட்டு, அமிர்தத்தின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்தபோது அமிர்தத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. மழை சட்டென்று விட்டு, மேற்கே லேசாக வெயில்கூட அடித்தது. கோட்டை வாசல் வளைவுக்கு அடியில் ஒதுங்கினார்கள். பெரிய கோயில் கோபுரம் கூப்பிடு தூரத்தில் நனைந்து நின்றது. கழுவிவிட்ட மாதிரி இருக்கிறதென்று சாமிதுரை சொன்னார். வயலிலிருந்து அவர் நனைந்து வரும்போதெல்லாம் அவள் கை என்ன செய்யுமோ, அதையே அன்றும் செய்தது. சளி பிடித்துக்கொள்ளப்போகிறது, குனியுங்கள் என்று அதட்டி, முந்தானையை நன்றாகப் பிழிந்து அவருடைய தலையை அழுத்தித் துவட்டினாள். சந்தோஷத்தில் மறந்துபோனாள், பாவி மகள். அவரும் குனிந்து கொடுத்தார், அவருக்கும் அது ஞாபகமில்லையோ, இல்லை ஞாபகம் இருந்துதான் குனிந்தாரோ. முந்தானையோடு முடி வந்தது, நெற்றி வந்தது, அப்புறம் தோளும் சரிந்தது. அமிர்தம் அலறிக்கொண்டு இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தாள். ஆவணியில் வராத அழுகை அப்போது வந்தது. அந்தக் கண்ணீர் ஈரத்துக்குப் போதுமா என்றுகூட அவர்மேல் குனிந்து பார்த்தாள். போதவில்லை. துவட்டாமல் விட்டிருந்தால் பெரிய கோயிலைச் சுற்றிவிட்டு ஊர் வரைக்கும் தாங்கியிருப்பார்.

பக்கத்து அரிசிக் கடையில் ஒரு சாக்கைக் கேட்டு வாங்கி, ஒரு பிடி விடாமல் வழித்து அள்ளினாள். கோயிலுக்குள் அவள் போகவில்லை. திரும்பும் பஸ்ஸில் அதே கண்டக்டர், சாக்கைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல், ஒரு டிக்கெட்டும் ஒரு லக்கேஜும் போட்டார். இருட்டுவதற்குள் வரப்போரம் குழிந்திருந்த இடத்தில் மண்ணைக் கொட்டி மிதித்துவிட்டாள். அந்த வருஷம் சம்பா அந்த மூலையில்தான் முதலில் கதிர் விட்டது.

மிராசுதார் நிலத்தை விற்றுவிட்டுப் பட்டணம் போனார், காரியக்காரர் கட்சி மாறினார், ஒன்பது மா அமிர்தத்திடமே இருக்கிறது. ஐப்பசியில் அடைமழை பிடிக்கிற அன்று சாமிதுரை வருவார். மழை விடும் வரை வாசலில் நின்று விளைச்சல் விசாரிப்பார், போகிற வருகிறவர்களும் அவரை நலம் விசாரிப்பார்கள். மழை வரப்போகிறதென்று தெரிந்தால் அமிர்தம் கொடியில் கிடக்கும் துணிகளை எடுப்பதில்லை. வீட்டுக்குள் இருக்கிற துணியெல்லாம் கொண்டுவந்து நனையப் போடுவாள். அன்றைக்கு அவள் வீட்டில் காய்ந்த துணி ஒன்றுகூட இருக்காது.