லீலாவை எழுப்பாத மிஷின்

சுங்குவார்சத்திரத்தில் அந்த ஒற்றை அறையில் ஆறு பெண்கள், மூன்று ஷிப்ட். எந்நேரமும் யாராவது ஒருத்தி தூங்கிக்கொண்டிருப்பாள். அப்பேர்ப்பட்ட அறையில் காப்பிக்கொட்டை அரைக்க ஆசைப்பட்டாள் பாண்டிச்செல்வி. போடியிலிருந்து அண்ணன் அனுப்பிய கொட்டை பை நிறையக் கிடந்தது. கடைத்தூளைக் குடிப்பதற்கு வாயைக் கொப்பளித்துவிட்டுப் படுக்கலாம் என்பது அவள் கட்சி.

நாகர்கோவில்காரி லீலாதான் மறித்தாள். "ஏட்டி, ஒரு நாள் அந்தச் சத்தத்துல நான் முழிச்சேன்னா மிஷினும் கொட்டையும் தெருவுலதான் கெடக்கும், பாத்துக்கோ."

பாண்டிச்செல்வி இயற்பியல் பட்டதாரி. அவள் வீட்டுக்கே முதல் பட்டம். கம்பெனியில் அதற்கு ஸ்குரூ முடுக்கும் வேலை கொடுத்திருந்தார்கள். சோதிக்காமல் எதையும் நம்பாத கெட்ட பழக்கம் மட்டும் பட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. ஆகவே, காலையில் லீலா கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும், ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்த பாண்டுரங்கனின் பாத்திரக்கடைக்கு, கொட்டைப் பையும் கையுமாக, இழுத்துப்போய் பெஞ்சைக் காட்டினாள்.

"என்னமும் பண்ணு. படுத்தா போதும்" என்று லீலா சாய்ந்தாள்.

"இன்னாம்மா இது, கடையா லாட்ஜா?" என்றார் பாண்டுரங்கன்.

"அவ தூங்கட்டும்ணே. ஒவ்வொரு மிஷினா ஓட்டுங்க. எதுக்கு முழிக்கலையோ அதை வாங்கிக்கிறேன்."

"கலர் கேப்பாங்க, கேரண்டி கேப்பாங்க. ஆள இட்டாந்து படுக்க வச்சது நீதாம்மா." பிளக்கைச் சொருகினார்.

சின்ன மிஷின் வண்டாக இரைந்தது. லீலா அசையவில்லை. மிக்ஸியில் கொட்டை கல்லுடைப்பதுபோல் உடைந்தது. எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். லீலா வாயைத் திறந்தபடி கிடந்தாள். பாண்டுரங்கனுக்கு வேகம் வந்துவிட்டது. ஓட்டல்களுக்கு விற்கிற ராட்சசனையும் இறக்கி ஓட்டினார். அலமாரியில் டம்ளர்கள் நடுங்கின.

"எல்லாம் பாஸும்மா. எத்த வேணா எட்த்துக்கோ."

"மிஷின் பாஸாகலண்ணே. இவ நேத்து மத்தியான ஷிப்டுக்குப் போனவ. ஓ.டி.ன்னு நைட்டும் நிப்பாட்டிட்டாங்க. காதுகிட்ட வேட்டு போட்டாலும் இப்பிடித்தான் கெடப்பா. லீவன்னைக்குக் கூட்டியாறேன். அப்ப ஓட்டிப் பாப்போம்."

"லீவு எப்போ?"

பாண்டிச்செல்வி யோசித்தாள். ஞாயிற்றுக்கிழமையும் வரச்சொல்லி சூப்பர்வைசர் போர்டில் எழுதியிருந்தான். அதற்கடுத்த ஞாயிறையும் சேர்த்தே எழுதியிருந்தான், சாக்பீஸ் மிச்சம் என்று.

"அந்தக் கை மிஷினக் குடுங்க."

"சரி, அந்தப் பொண்ண எழுப்பு. போணி நேரம்மா."

"எழுப்ப மாட்டேன்."

மிஷினை, சத்தம் பெஞ்சுக்கு எட்டாத மேசையோரத்தில் பொருத்தி, கொட்டையைப் போட்டு, மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தாள். பாண்டுரங்கன் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அடுப்பு இருக்காண்ணே?" என்றாள்.