செவ்வாய்க்கு முந்தைய வெள்ளி

நீதிபதி லோர்னா ஹௌஸ்டாட் தலைமை நீதிபதியின் அறைக் கதவைத் தட்டியபோது வியாழன் பிற்பகல். வரும் செவ்வாயன்று, மாநில உச்ச நீதிமன்றத்தில் அவர் நீடிக்கலாமா என்று மக்கள் வாக்களிக்க இருந்தார்கள். எதிர் வேட்பாளர் இல்லை. வாக்குச்சீட்டில் அவர் பெயர். அதனருகே ஆம், இல்லை என இரண்டு கட்டங்கள். பன்னிரண்டு ஆண்டு உழைப்பு அந்தக் கட்டங்களில் அடங்கியிருந்தது.

தீர்ப்புகள் வெள்ளிதோறும் வெளியாகும். சிறுமியொருத்தியைக் கொன்றதாகச் சிறையிலிருக்கும் டட்டில் என்பவனுக்கு மறுவிசாரணை தர வேண்டுமென லோர்னா எழுதியிருந்தார். வக்கீல் வேண்டுமென்று கெஞ்சியவனிடம் போலீசார் விடாமல் மிரட்டி வாங்கிய ஒப்புதல் வாக்குமூலமே அவனைச் சிறைக்கு அனுப்பியிருந்தது. ஏழு நீதிபதிகளில் அவரையும் சேர்த்து நால்வர் அந்தப் பக்கம். இறந்த சிறுமியோ அவருடைய சொந்த ஊர்க்காரி.

தலைமை நீதிபதி வெர்லின் ப்ரூயட் மறுதரப்பு. மாறுபட்ட தீர்ப்பை எழுதுபவர் முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருப்பது அந்த நீதிமன்றத்தின் மரியாதை.

"என்னோடது இன்னும் முடியலை, லோர்னா. அடுத்த வெள்ளிக்குத் தந்துடறேன்."

"போன வாரமே முடிஞ்சுதுன்னு உங்க உதவியாளர் சொன்னாரே, சீஃப்!"

"அவனுக்கு வாய் நீளம். கடைசிப் பாராவுல ஒரு கமா உறுத்துது."

"ஒரு கமாவுக்கு ஒரு வாரமா?"

ப்ரூயட் எழுந்து கதவைச் சாத்தினார். "வெளிய வேட்டைக்காரங்க துப்பாக்கியோட நிக்கறாங்க. எந்தக் காட்டுக்கோழியாவது இப்பப் போய்ப் புதரை விட்டுப் பறக்குமா?"

"உள்ளயே பதுங்கிக் கிடந்தா நாய் வந்து கவ்விக்கும்."

சொல்லிவிட்டாரே தவிர, லோர்னாவுக்கும் ஆசை இருந்தது. ஒரு வாரம்தான்; அதற்குள் வாக்கெடுப்பு முடிந்துவிடும். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தலையசைத்தால் போதும். ஆனால், மக்கள் தம்மை அளக்கும் நாளில் அளக்க வேண்டியதையே மறைத்துவைப்பதா?

"மாறுபட்ட தீர்ப்பு பின்னால வரும்னு குறிப்புப் போட்டு, நாளைக்கே என்னோடதை வெளியிட விதி இருக்கு, சீஃப்."

ப்ரூயட்டின் முகம் சிவந்தது. "இங்க யாரும் அப்படிச் செஞ்சதில்லை. அது என் கன்னத்துல அறையற மாதிரி."

"தெரியும். அதனாலதான் முதல்ல உங்ககிட்ட வந்தேன்."

ப்ரூயட் மேசை இழுப்பறையைத் திறந்து, கையெழுத்திட்ட தம் தீர்ப்பை லோர்னாவின் முன் தள்ளினார். "கடைசி வரியைப் படிங்க. அதைத்தான் உங்களுக்கு எதிரா ரேடியோ விளம்பரத்துல போடுவாங்க."

'இந்நீதிமன்றம் இன்று ஒரு குழந்தையை மறந்தது.'

லோர்னா அதை இரண்டுமுறை படித்தார்.

"எடுத்துடட்டுமா?" ப்ரூயட்டின் குரல் தாழ்ந்திருந்தது.

"நீங்க நம்பித்தானே எழுதினீங்க?"

"ஆமா."

"அப்ப இருக்கட்டும்."

வெள்ளியன்று இரண்டும் வெளியாயின. சனிக்கிழமை முதல் அந்த வரி மாநிலமெங்கும் ஒலித்தது. செவ்வாயன்று 'இல்லை' வென்றது. அவருடைய சொந்த ஊரில்தான் வித்தியாசம் மிக அதிகம்.

புதன் காலை வாதங்கள் இருந்தன. ஆண்டு முடியும்வரை லோர்னாவுக்குப் பதவி உண்டு. மன்றத்துக்குள் நுழையுமுன் எழுவரும் ஒருவரோடொருவர் கைகுலுக்குவது வழக்கம். ப்ரூயட் கடைசியாக வந்து, பற்றிய கையை விடாமல் நின்றார். கண்கள் கலங்கியிருந்தன.

"லோர்னா, அந்த வரி..."

"பறந்தப்பதான் சுட்டாங்க. நாய் கவ்வலை, சீஃப்," என்றார் லோர்னா. "வாங்க, வக்கீல்கள் காத்திருக்காங்க."